ஒரு சொம்பு தண்ணீர்

ஆனைக்கற்றாழையை வளர்ப்பது சுலபம். அதை வீட்டாரிடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

சிதம்பரத்தில் எங்கள் மொட்டை மாடியில் ஒன்று இருக்கிறது. மெக்சிகோவின் காய்ந்த மண்ணைப் பூர்வீகமாகக் கொண்ட இனம். ஈரம் வீணாகாமலிருக்கப் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரியில்தான் திறக்கும். அப்பேர்ப்பட்ட செடியைப் பார்த்து அம்மா சொல்கிறாள்: "பாவம்டா, வாயில்லாத ஜீவன். ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா கொறஞ்சா போயிடுவே?" நான் ஆபீசுக்குக் கிளம்பியதும் அரிசி களைந்த தண்ணீர் ரகசியமாக மாடி ஏறுகிறது. சாயங்காலம் மண்மேல் கிடக்கும் ரெண்டு குருணை காட்டிக்கொடுத்துவிடும்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவோ இதை வாசலில் கட்டித் தொங்கவிடுகிற சோற்றுக்கற்றாழையின் அண்ணன் என்றே நம்புகிறார். "உடம்பெல்லாம் சூடு தம்பி, ஒரு மடல் அறுத்துக்கறேன்" என்று கத்தியோடு வந்தார். அது அரேபியப் பக்கத்துச் செடி, இது வேறு வகையறா, சாற்றில் ஊசி ஊசியாக கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, பட்டால் அரித்தெடுக்கும் என்றேன். "குடுக்க மனசில்லன்னு சொல்லிட்டுப் போயேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

சிதம்பரத்தைச் சுற்றி நெல்லுக்கு ஏற்ற களிமண். ஈரத்தைப் பிடித்தால் விடாது. கடலூரில் கேப்பர் மலைப் பக்கம் செம்மண் சரளை. அங்கேதான் மச்சான் வீடு. அவர் வேலியோரத்து ஆனைக்கற்றாழை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. "நான் ஒண்ணுமே செய்யல மாப்ளே" என்பார் பெருமையாக. உண்மைதான். எந்தக் காரியத்துக்கும் அவர் அதைத்தான் செய்வார். கற்றாழைக்கு மட்டும் அது ஒத்துப்போய்விட்டது.

அங்கிருந்து ஒரு சாக்குச் சரளை பஸ்ஸில் வந்தது. 'என்ன சார், மண்ணா?' என்பதுபோல் பார்த்துக்கொண்டே கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். சட்டியில் பாதி சரளையும் உடைத்த செங்கல்லும், மீதி மணலும் கொஞ்சம் மக்கிய எருவும். அடியில் நல்ல பெரிய ஓட்டை. மண் அடிவரை காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

கடலூர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் மழை; பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்க்கிறது. இங்கிலாந்தில் இதை வளர்க்கிறவர்கள் உறைபனிக்குப் பயந்து துணி போர்த்துகிறார்களாம். ஆனால் குளிரைவிட, குளிர்காலத்து ஈரத்தில் வேர் அழுகுவதுதான் அவர்களுக்கும் பெரிய கவலை. அந்த விஷயத்தில் லண்டனும் சிதம்பரமும் ஒன்று. ஐப்பசி பிறந்ததும் சட்டி தகரக் கொட்டகைக்குள் போய்விடும். "மழைத்தண்ணியையும் தடுத்துட்டான் பாவி" என்று அம்மா தெருவுக்கே அறிவித்தாள்.

பத்திலிருந்து முப்பது வருஷத்துக்குள் ஒரே தடவை, இருபதடி உயரத்துக்கு மேல் தண்டு எழுப்பிப் பூத்துவிட்டு, வாழை போல அடியில் கன்றுகளை விட்டுச் செத்துப்போகும் என்று அம்மாவிடம் சொன்னேன். "அத்தன வருஷம் பட்டினி போட்டா சாகாம என்ன பண்ணும்?" என்றாள்.

பூக்காமலே இப்போது சட்டியில் கன்றுகள் நெருக்கியடிக்கின்றன. வேண்டுவோர் வந்து எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய இடம் காயும்வரை நாலைந்து நாள் நிழலில் போட்டுவைத்துப் பிறகு நடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்திலேயே ஒரு ரோஜாச் செடியும் வாங்கி வையுங்கள். அவர்களுக்கும் எதிலாவது தண்ணீர் ஊற்ற வேண்டுமே.