பதினாறாம் சேனலைப் படுத்துவது எப்படி?

ராமேசுவரத்தில் புதிதாக விசைப்படகு வாங்குகிறவருக்கு யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? எஞ்சினுக்கு எந்த மெக்கானிக், மடி தைக்க யார், ஐஸ் எங்கே மலிவு, டோக்கனுக்கு எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்று ஜேட்டியில் நிற்கும் பாதிப் பேர் பாடம் எடுத்துவிடுவார்கள். டிரைவர் தலைக்கு மேல் சுருள் வயரில் தொங்கும் கறுப்பு மைக்கைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அமுக்கு, பேசு, அவ்வளவுதானே என்பது பொது அபிப்பிராயம். அந்தக் குறையைப் போக்கவே இந்த வழிகாட்டி. இதை வரி பிசகாமல் பின்பற்றினால், பாக் நீரிணையில் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல முடியாத நிலையை ஒரே விடியற்காலையில் கொண்டுவந்துவிடலாம். கூட்டாளி வேண்டாம், தனி ஆளாகவே சாதிக்கலாம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. படகுகளுக்கான வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனல் என்பது 156.8 மெகாஹெர்ட்ஸ். ராமேசுவரம் ஆனாலும் ராட்டர்டாம் ஆனாலும் இதே எண்தான். ஆபத்தில் கூப்பிட, எச்சரிக்கை சொல்ல, ஒரு படகு இன்னொரு படகை அழைக்க என்று உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒதுக்கியது. அழைத்தவருக்குப் பதில் கிடைத்ததும் இருவரும் வேறு சேனலுக்குப் போய்ப் பேசிக்கொள்ள வேண்டும். 16 காலியாகக் கிடக்க வேண்டும். எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விதி எழுதியவர்கள் நிச்சயம் கரையில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பார்கள். நடுக்கடலில் ஒரு காலிச் சேனலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க மனுசனால் ஆகுமா?

ஆகவே முதல் வேலை: 16-ஐ விட்டு நகராதீர்கள். விசைப்படகுகள் போகும் திங்கள், புதன், சனிக்கிழமைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. மடியை இறக்கிவிட்டு, டீயைக் கையில் எடுத்துக்கொண்டு இப்படித் தொடங்குங்கள்:

"மச்சான், மச்சான், கேக்குதா?"

"சொல்லுடா மாப்ள."

"பாடு எப்படி?"

"என்னத்தச் சொல்ல. எல்லாம் சங்காயம், ஒண்ணுக்கும் ஆகாத மீனு. உனக்கு?"

"இங்கயும் அதுதான். பொறவு?"

"பொறவு ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல."

இந்த உரையாடலுக்கு முடிவே கிடையாது என்பதைக் கவனியுங்கள். அதுதான் இதன் அழகு. படகின் பெயரையோ பதிவெண்ணையோ சொல்லித் தொலைக்கக் கூடாது. சொன்னால் உரியவர் ஒருவர்தான் பதில் தருவார். "மச்சான்" என்று கூப்பிட்டால் தங்கச்சிமடத்துப் படகும் பாம்பன் படகும் மண்டபத்துப் படகும் ஒன்றாக "சொல்லுடா" என்று பொத்தானை அமுக்கும். அந்த இரைச்சலில் யார் மச்சான், யார் மாப்பிள்ளை என்று தீர்வதற்குள் விடிந்துவிடும்.

அடுத்தது பொத்தான். டெலிபோன் போல இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசிக் கேட்கும் வசதி இந்த செட்டில் இல்லை. அமுக்கியிருக்கும்வரை நீங்கள் பேசலாம். உங்களுக்கு எதுவும் கேட்காது. இந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டு எவ்வளவோ செய்யலாம். பேசி முடித்த பிறகும் அமுக்கியே பிடித்திருங்கள், யோசிப்பதற்கு. இன்னும் மேலான முறை ஒன்று உண்டு. கைச்செட்டைக் கயிற்றுச் சுருளுக்கும் ஐஸ் பெட்டிக்கும் இடையில் செருகி வைத்துவிடுங்கள், பொத்தான் தானாக அமுங்கிக்கொள்ளும். அதன்பிறகு சுற்று வட்டாரக் கடல் முழுவதும் உங்கள் படகு எஞ்சினின் தடதட சத்தத்தையும், செல்போனில் ஓடும் பழைய பாட்டையும், மீன்குழம்புக்குப் புளி போதுமா போதாதா என்ற விவாதத்தையும் பேட்டரி தீரும்வரை கேட்டு அனுபவிக்கும். "யாருடா அது, பொத்தான விடுங்கடா" என்று அத்தனை படகும் கத்தும். அது உங்களுக்கு மட்டும் கேட்காது.

பவர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. படகில் பொருத்தும் செட்டில் 25 வாட், 1 வாட் என்று இரண்டு நிலை இருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் பேச ஒரு வாட்டே ஏராளம். இருந்தாலும், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிற படகிடம் பீடி கேட்பதற்கும் 25-லேயே வையுங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரசித்துப் படிக்க வேண்டியது. இந்த செட்டுகள் எஃப்.எம். முறையில் இயங்குபவை. ஒரே சேனலில் இரண்டு குரல்கள் வந்து சேர்ந்தால், ரிசீவர் வலுவானதைப் பிடித்துக்கொள்ளும். மெலிந்தது வந்த சுவடே தெரியாது. விமானங்கள் வி.எச்.எஃப்.-இல் இன்னமும் பழைய ஏ.எம். முறையில்தான் பேசுகின்றன. அதில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்று ஒரு சத்தமாவது எழும். இன்னொருவரும் ஏதோ சொன்னார் என்பதாவது புரியும். நம் செட்டில் அந்த உபத்திரவம் இல்லை. கச்சத்தீவுக்குத் தெற்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டுப்படகிலிருந்து யாரோ 5 வாட் கைச்செட்டில் கத்துகிறார் என்று வையுங்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் 25 வாட், கேட்கிறவர் காதில் சங்காயக் கதையைச் சுத்தமாக, கரகரப்பே இல்லாமல் கொண்டு சேர்க்கும். அந்த நாட்டுப்படகு பேசியது என்பதே யாருக்கும் தெரியாது.

ஆன்டெனாவைக் கண்டுகொள்ளாதீர்கள். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கடல் வளைந்து மறைக்கும் இடத்தோடு அதன் ஆட்டம் முடிந்தது. இரண்டு படகிலும் ஆன்டெனா கடலுக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் 11, 12 கிலோமீட்டர் எட்டும். படகில் 9 மீட்டர், கரையில் 49 மீட்டர் கோபுரம் என்றால் 40 கிலோமீட்டரைத் தாண்டும். ஆக, பேச்சை நீட்டுவது உயரம்தான், தொண்டை இல்லை. இருந்தாலும் நீங்கள் கத்துவதையே நம்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகை ஏற்றி வைத்துப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவார்கள். ஆன்டெனா வயர் செட்டில் நுழையும் இடத்தை மட்டும் தொடாதீர்கள். உப்புக் காற்றில் அங்கே பித்தளை பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிரும். செட்டில் விளக்கு எரியும், எண் தெரியும், பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். குரல் மட்டும் வெளியே போகாது. இன்சூரன்ஸ்காரருக்குக் காட்ட இதைவிட நல்ல செட்டு அமையாது.

இந்தக் கலையின் பெருமை தெரிய, ரிமோட்டில் விமானம் விடும் பொழுதுபோக்குக்காரர்களைப் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் பரவும்வரை அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸிலும் இங்கிலாந்தில் 35 மெகாஹெர்ட்ஸிலும் சில பத்துச் சேனல்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். ஒருவர் விமானம் வானத்தில் இருக்கும்போது இன்னொருவர் அதே சேனலில் தன் டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டால், மாதக்கணக்கில் ஒட்டிச் செதுக்கிய விமானம் தலைகுப்புற வந்து மண்ணில் குத்தும். அதனால் மைதான வாசலில் ஒரு பலகை. அதில் சேனலுக்கு ஒரு கிளிப், துணி காயப்போடுகிற சாதாரணக் கிளிப்தான். உங்கள் சேனல் கிளிப் உங்கள் கையில் இருந்தால் மட்டுமே டிரான்ஸ்மிட்டரைத் தொடலாம். பறந்து முடித்ததும் கிளிப்பைப் பலகையில் திருப்பி மாட்ட வேண்டும். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனவரைச் சங்கமே சேர்ந்து திட்டும். இப்போது வந்திருக்கும் செட்டுகள் தாமாகவே அலைவரிசை மாறி மாறி ஒன்றை ஒன்று தவிர்த்துக்கொள்கின்றன. கிளிப் பலகை ஏறக்குறைய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பொம்மை விமானத்துக்கு அத்தனை மரியாதை. ஆள் ஏறிப் போகிற நம் படகுகளோ இன்றைக்கும் ஒரே சேனலில்தான் நிற்கின்றன, கிளிப்பும் இல்லாமல்.

     

நிற்க. ரகசியம் பேசவும் வயர்லெஸ் மிகப் பொருத்தம். "இறால் நல்லா விழுது மச்சான், ஒருத்தன்கிட்டயும் சொல்லிராத" என்று தாழ்ந்த குரலில் 16-இல் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் உங்களைச் சுற்றிலும் படகு விளக்குகள் தீபாவளிபோல் வந்து நிற்கும். குரலைத் தாழ்த்தினால் அலை தாழாது. எல்லையைத் தாண்டிவிட்டோமா இல்லையா என்ற வழக்கையும் மைக்கிலேயே நடத்துங்கள். இலங்கையோடு 1974-லும் 1976-லும் போட்ட ஒப்பந்தக் கோடு படகுக்குத்தான்; அலைக்குக் கிடையாது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்தக் கரையிலும் காதுகள் உண்டு, அவற்றில் சில கடற்படையுடையவை, தமிழ் புரிகிறவர்களும் அங்கே இருப்பார்கள்.

விளையாட்டுக்கு "மேடே" என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லிப் பார்ப்பது முதுகலைப் பாடம். மண்டபத்திலிருந்து கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் நீரைக் கிழித்துக்கொண்டு வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதே நேரத்தில் வேறொரு திசையில் நிஜமாகவே யாருக்காவது அது தேவைப்பட்டால், அது அவர்கள் தலையெழுத்து. உங்கள் தலையெழுத்தைப் பிறகு வழக்குப் போடுகிறவர்கள் எழுதுவார்கள்.

இத்தனையும் நம் ஊர்ச் சரக்கு என்று வருந்த வேண்டாம். முன்னோடி டைட்டானிக்தான். 1912 ஏப்ரல் 14 இரவு. சில மைல் தூரத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் வயர்லெஸ்காரர் சிரில் எவன்ஸ், "எங்களைச் சுற்றிப் பனிக்கட்டி, நின்றுவிட்டோம்" என்று தகவல் கொடுத்தார். டைட்டானிக்கின் ஜாக் ஃபிலிப்ஸ் பயணிகளின் சொந்தத் தந்திகளைக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கப்பலின் சிக்னல் காதைப் பிளந்தது. குறுக்கே பேசாதே, வேலையாக இருக்கிறேன் என்று அடக்கிவிட்டார். எவன்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு செட்டை அணைத்துப் படுத்தார். அடுத்த சிறிது நேரத்தில் டைட்டானிக் மோதியது. 1,500 பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பின் வந்த காலத்தில் கப்பல் வயர்லெஸ் அறைக் கடிகாரங்களிலேயே சிவப்புப் பட்டை போட்டார்கள்: ஒவ்வொரு மணியிலும் 15-ஆவது நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம், 45-இலிருந்து மூன்று நிமிடம் 500 கிலோஹெர்ட்ஸில் ஆபத்து அழைப்பைத் தவிர எதுவும் கூடாது, எல்லாரும் கேட்க மட்டும் வேண்டும். உலகமே பல பத்தாண்டுகள் அந்த மூன்று நிமிடம் வாயைக் கட்டியது. நம்மால் ஒரு டீ குடிக்கும் நேரம் கட்ட முடியவில்லை.

புயல் செய்தி வரும் நாளில் இந்த வழிகாட்டி தன் முழுப் பலனையும் தரும். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியது ஆழத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பாம்பனிலிருந்து 90.4-இல் ஒலிக்கும் 'கடல் ஓசை' மீனவர்களுக்கென்றே இருக்கும் சமுதாய வானொலி. வானிலை சொல்கிறது, ஆனால் கேட்கத்தான் முடியும், திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாக ஆபத்து சொல்லும் கருவி தந்திருக்கிறது. அது எல்லாப் படகிலும் இல்லை. மிச்சம் இருப்பது 16. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பலவற்றுக்குக் கரையிலிருந்து செய்தி சொல்ல வழியே இல்லாமல் போனது. செட்டின் வீச்சு அவர்கள்வரை எட்டவில்லை. நமக்கு எட்டும். நாம்தான் விடுவதில்லை.

வழிகாட்டியைப் பின்பற்ற மனமில்லாத சிலருக்காக ஒரு பின்குறிப்பு. இதை ஒரு அட்டையில் எழுதிச் செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஆபத்து நேரத்தில் நினைவு வராது. சேனல் 16, பவர் 25. "மேடே" மூன்று முறை. படகின் பெயரும் பதிவெண்ணும். ஜி.பி.எஸ். காட்டும் இடம், எண் எண்ணாக. என்ன ஆபத்து, எத்தனை பேர் இருக்கிறீர்கள். சொல்லிவிட்டுப் பொத்தானிலிருந்து விரலை எடுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் சொல்லுங்கள். வேறு யாரோ இதைச் சொல்வது உங்கள் காதில் விழுந்தால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து பதில் வராதபோது மட்டும் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். போனில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554, கட்டணம் கிடையாது.