கூரை திறந்த ஹெரால்டு: கேளுங்கள், சொல்கிறேன்

சென்ற இதழில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். மங்களூர் ஒன்றியத்திலிருந்தும் விருத்தாசலம் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. வைத்திருப்பவர், அவர் வீட்டுக்காரம்மா, மெக்கானிக், விற்கச் சொல்லும் மகன் என்று எல்லாத் தரப்பும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த வாரம் பழைய கார் தவிர வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

ஒரு வாசகர், மங்களூர்: அப்பா விட்டுப்போன ஹெரால்டு என்னிடம் இருக்கிறது. கூரையைக் கழற்றிவிட்டு மடக்குகிற கான்வாஸ் போட்டிருக்கிறார். ஒரு கோளாறைச் சரிசெய்தால் அடுத்த வாரம் இன்னொன்று. இது என் ஜாதகமா, காரின் ஜாதகமா?

இரண்டும் இல்லை ஐயா. உங்கள் பட்டறைச் சீட்டுகளை எடுத்துத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். 'புதுசு புதுசாக' வந்த கோளாறுகள் எல்லாம் நாலே நாலு காரணங்களில் வந்து அடங்கும்: பெட்ரோல் சூடாவது, எர்த் சரியில்லாதது, ரேடியேட்டரில் கெட்ட தண்ணீர், வயதான ரப்பர். ஒவ்வொரு முறையும் கிளையை வெட்டுகிறீர்கள்; வேர் அப்படியே இருக்கிறது.

இந்தக் காரின் பிறப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்து, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக வந்தது. முழு உடலையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆலை கிடைக்காத நிலை அப்போது அந்தக் கம்பெனிக்கு. அதனால் தனி சேஸிஸ் போட்டு, அதன்மேல் முன்பக்கம், நடு, பின்பக்கம், கூரை என்று துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் சேர்த்தார்கள். 1961இல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 948 சி.சி. இன்ஜினோடு அதை இங்கே கொண்டுவந்தது. கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது என்று தெரிந்ததும் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்பேனரை எடுத்துவிட்டார்கள். உங்கள் அப்பாவும் அந்த உற்சாகக் கூட்டத்தில் ஒருவர். அவர் மேல் எனக்கு மரியாதைதான்.

அதே வாசகரின் இரண்டாம் கேள்வி: குழியில் இறங்கினால் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. பூட்டை மாற்றியும் பயனில்லை.

உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். மற்ற கோளாறுகள் பொறுக்கும், இது பொறுக்காது. ஹெரால்டில் கதவுக்குக் கீழே ஓடும் பக்கப் பட்டை பாரம் தாங்குவதில்லை. பாரம் முழுவதும் சேஸிஸுக்கும், அதிலிருந்து இருபுறமும் நீளும் கைகளுக்கும்தான். கூரை இருந்தவரை அதுவும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. இப்போது அதுவும் இல்லை. அந்தக் கைகளைத் துரு தின்றிருந்தால் குழியில் உடல் வளையும், கதவு வாயைத் திறக்கும். காரைத் தூக்கி நிறுத்தி, ஸ்குரூ டிரைவரால் கீழே குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இறங்கினால் வெல்டிங் வேலை இருக்கிறது. அப்போது இரண்டு கதவுகளும் மூடி, இடைவெளி சரியாக இருக்கும்படி தாங்கு கொடுத்தபின்தான் வெல்டிங் வைக்க வேண்டும். இல்லையென்றால் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும். பிறகு கதவு மூடாது.

ஓர் ஆசிரியர், தொழுதூர்: சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் வேப்பூர் தாண்டுவதற்குள் கார் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானே ஸ்டார்ட் ஆகிறது. கார்பரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார்கள்.

கார்பரேட்டர் நிரபராதி. அதை விட்டுவிடுங்கள்.

இன்ஜின் பக்கவாட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது பெட்ரோல் பம்ப். இன்ஜின் கொதிக்கும்போது பம்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத்தான் தள்ளும், ஆவியைத் தள்ளாது. மெக்கானிக்குகள் ஏர்லாக் என்பது இதைத்தான். ஆனால் சூட்டில் கெட்டுப்போகிற இக்னிஷன் காயிலும் கண்டன்சரும் அச்சு அசலாக இதே நாடகத்தை ஆடும். அடுத்தமுறை நின்றால் முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் மேல் வைத்து, சிந்திய பெட்ரோல் எதுவும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டு, ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் குற்றவாளி பெட்ரோல். பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள், ஓடிவிடும். பொறி இல்லையென்றாலோ, மஞ்சளாகச் சோம்பி வந்தாலோ காயில், கண்டன்சர் பக்கம் போங்கள்.

ஈரத்துணி வழிக்கு மட்டும்தான். நிரந்தர வைத்தியம் இது: பெட்ரோல் குழாயை சைலன்சர் பக்கத்திலிருந்து தள்ளி ஓட்டுவது, பம்புக்கும் சூட்டுக்கும் நடுவே தகடு வைப்பது, கார்பரேட்டருக்கு அடியில் சூடு ஏறாத கட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. பல பட்டறைகளில் அந்தக் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் பேக்கிங் வைத்து முறுக்கிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன்.

பீங்கான் சூளைத் தொழிலாளி, விருத்தாசலம்: நான் பியூஸ் கட்டை செய்கிறவன். கார் வாங்குகிற வசதி இல்லை. எங்கள் தொழிலுக்கும் அந்தக் காருக்கும் ஏதாவது உறவு உண்டா?

நெருங்கிய உறவு. அந்தக் கார் ஓடுவதே உங்கள் இனத்துப் பொருளால்தான்.

ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக இருக்கிறதே, அது சுட்ட மண்ணின் உறவு. தொடக்க காலத்தில் நீங்கள் செய்கிற மாதிரியான பீங்கானையே வைத்தார்கள். அபிரகத்தையும் வைத்துப் பார்த்தார்கள். இன்ஜின் சூடு ஏற ஏறப் பீங்கான் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு அலுமினாவுக்கு மாறினார்கள். பீங்கானைவிட மிக அதிகமான சூட்டில், சுமார் 1,600 டிகிரியில் சுடவேண்டிய பொருள் அது. அந்தச் சின்ன வெள்ளைக் குழல் பல ஆயிரம் வோல்ட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. ஒருபுறம் வெடிக்கும் நெருப்பு, மறுநொடி உள்ளே வரும் குளிர்ந்த காற்று. இந்த மாற்றம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் நடக்கிறது. வெடிக்காமல் நிற்பதே பெரிய காரியம்.

விரிசல் எப்படி விடுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பேனரைக் கோணலாகப் போட்டு முறுக்கினால் மயிரிழை விரிசல் விழும், கண்ணுக்குத் தெரியாது. வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது நன்றாகவே இருக்கும். மேட்டில் ஏறும்போது மிஸ் அடிக்கும். மின்சாரம் விரிசல் வழியே இறங்கிவிடும். அடுத்தமுறை ஹெரால்டுக்காரர் யாராவது மேட்டில் மிஸ் அடிக்கிறது என்று புலம்பினால், பிளக்குகளை உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். சூளை பார்த்த கண்ணுக்கு அது தப்பாது. நுனியின் நிறத்தையும் பாருங்கள். காய்ந்த களிமண் நிறம் என்றால் நலம். கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் குறைவு, இன்ஜின் கொதிக்கிறது.

ஒரு வாசகி, பெண்ணாடம்: ஞாயிறு முழுக்க என் வீட்டுக்காரர் கார் அடியில்தான் படுத்திருக்கிறார். கேட்டால் 'பழைய வண்டி, கவனிக்க வேண்டும்' என்கிறார். எங்களை யார் கவனிப்பது?

நியாயம் உங்கள் பக்கம் அம்மா. அவர் வாதத்தை வைத்தே அவரை மடக்கலாம். பழைய காருக்குப் படுத்துக்கிடந்து பார்க்கிற கவனிப்பைவிட ஓட்டுகிற கவனிப்புதான் மருந்து. ஓடாத காரில் பிரேக் சிலிண்டர் இறுகும், பாயின்டில் படலம் படியும், பேட்டரி இறங்கும், எலி வயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை, அரை மணி நேரமாவது ஓடவேண்டும். ஆகவே ஞாயிறு மாலை வெயில் தாழ்ந்ததும் குடும்பத்தோடு வெலிங்டன் ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். காரின் உடம்புக்காகத்தான் என்று சொல்லுங்கள். மறுக்க அவருக்கு வழியே இல்லை.

பட்டுச்சேலையில் கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் கூரையை மூடச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், திட்டக்குடி: ஹாரன் அடித்தால் லைட் மங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து கண்ணடிக்கிறது.

எர்த். எர்த். எர்த்தைத் தவிர வேறில்லை. உங்கள் காரின் உடல் போல்ட்டில் சேர்ந்த துண்டுகள் என்றேன் அல்லவா? சேரும் இடத்தில் துரு ஏறினால் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. கிடைத்த சந்தில் புகுந்து, அடுத்த விளக்கின் வழியாக வீடு போகப் பார்க்கும். முன், நடு, பின் மூன்றிலிருந்தும் சேஸிஸுக்குத் தனித்தனியே தடித்த வயர் இழுத்துவிடுங்கள். ஓர் எச்சரிக்கை: ஆரம்பகால ஹெரால்டுகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். அது தெரியாமல் புது பாட்டுப்பெட்டி மாட்டினால் அன்றே புகை வரும்.

ஒரு மெக்கானிக், விருத்தாசலம்: சாமான் கிடைக்கவில்லை. எத்தனை நாள் லேத்தில் கடைந்தே ஓட்டுவது?

உங்கள் கைதான் இந்தக் கார்களை இன்னும் ரோட்டில் வைத்திருக்கிறது. முதலில் அதற்கு வணக்கம். சென்னை புதுப்பேட்டையில் தேடுங்கள். கிடைக்காததை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது ஹெரால்டு என்று மட்டும் கேட்காதீர்கள். 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இதே சேஸிஸ் வழியில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் அதற்கு இன்றும் சாமான் செய்கிறார்கள். முன் சக்கரப் பாகங்களில் பலவும் பிரேக் சாமான்களில் பலவும் பொருந்தும்.

ஒன்று மட்டும் கவனம் அண்ணே. முன் சக்கரம் திரும்புகிற பித்தளை டிரனியனில் கிரீஸ் அடிக்காதீர்கள். அதற்கு 90ஆம் நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் அடியிலுள்ள மரைவரை இறங்காது. மரை காய்ந்து தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் முன் சக்கரம் மடிந்து விழும். கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் கிராங்க் புல்லி நகர்கிறதா என்றும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கழன்று ஆயில் தொட்டியில் விழுந்தபின் பார்த்தால் செலவு பத்து மடங்கு.

ஒரு விவசாயி, மங்களூர்: ரேடியேட்டர் கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டோம், அப்படியும் கொதிக்கிறது.

அதுதான் சாட்சி, தெர்மோஸ்டாட் மேல் குற்றமில்லை. உங்கள் போர் தண்ணீரில் வீட்டுக் குழாய் வாயில் வெள்ளை படிகிறதா? அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. ரேடியேட்டரைக் கழற்றி, தட்டியெடுத்துச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள்.

ஒரு மாணவர், நெய்வேலி: தாத்தாவின் அம்பாசடர் சும்மா நிற்கிறது. கூரையை அறுத்து ஓப்பன் கார் ஆக்கலாமா?

வேண்டாம் தம்பி. அம்பாசடரில் சேஸிஸ் தனியாக இல்லை. கூரையும் சேர்ந்துதான் எலும்புக்கூடு. பத்மினியும் அப்படியே. அறுத்தால் நடுவில் தொய்யும். சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி செய்து தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2019இல் இதை உறுதிசெய்துவிட்டது. திறந்த வண்டி ஆசை இருந்தால் பழைய ஜீப்போ கான்வாஸ் கூரை ஜிப்சியோ தேடுங்கள். தாத்தாவின் அம்பாசடரை அம்பாசடராகவே ஓட்டுங்கள். அதற்கும் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு வாசகர், வேப்பூர்: 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய காருக்கு ஆகுமா?

அப்படியே ஊற்றினால் ஆகாது. தயார்செய்து ஊற்றினால் சமாளிக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் இரண்டையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுத்துவிடும். எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். வெடித்த ஹோஸிலிருந்து சூடான இன்ஜின் மேல் சொட்டுகிற பெட்ரோல் காரையே எரித்துவிடும், தள்ளிப்போடாதீர்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடிக்கும்.

ஓய்வுபெற்ற அலுவலர், விருத்தாசலம்: 'வின்டேஜ்' பதிவு வாங்கினால் கௌரவம் என்கிறார்கள். வாங்கட்டுமா?

2021 விதிப்படி ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிக்கு அது கிடைக்கும். முதல் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்து ஆண்டு, புதுப்பிக்க 5,000. ஹெரால்டு உற்பத்தி 1971 வாக்கில் நின்றுவிட்டதால் வயதைப் பொறுத்தவரை எல்லா ஹெரால்டுமே தகுதி பெறும். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். கடைத்தெருவுக்குப் போக முடியாது. ஓட்டுகிற ஆசை உள்ளவர் சாதாரண ஆர்.சி.யையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது மேல்.

ஒரு மகன், மங்களூர்: அப்பா பேச்சைக் கேட்காதீர்கள். பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்கிறார். நான் விற்கச் சொல்கிறேன்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்தது நீங்களாகத்தான் இருக்கும். ஆனால் கேளுங்கள். வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1988இல் மூடப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டுக் கைகள் செய்த அந்தக் கார்களில் இனி புதிதாக ஒன்று வரப்போவதில்லை. நான்கு கதவு ஹெரால்டு உலகிலேயே இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது. கோவை ஜீடி கார் மியூசியத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். பழைய காரைப் பார்க்கிற உங்கள் கண் மாறும்.

அதன்பிறகும் விற்பதுதான் முடிவென்றால் விற்றுவிடுங்கள், தவறில்லை. ஆனால் எடைக்குப் போடாதீர்கள். ஓட்டத் தெரிந்த, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். ஆர்.சி. புத்தகம், பட்டறைச் சீட்டுகள், கழற்றிவைத்த அசல் கூரை இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.