வாத்தியாரு போன்ல இருக்காரு. நீரு எங்க வே இருக்கீரு?

வாரும் வே மருமவனே, இப்படி உக்காரும். தெருவெல்லாம் உம்ம பேச்சுதான். மூணாம் கிளாஸ் படிக்கிற பயலுக்கு மாசத் தவணையில ஆன்லைன் படிப்பு வாங்கிப் போட்டிருக்கீராமே! மாட்டுக்கு லோன் உண்டு, தறிக்கு லோன் உண்டு. வாய்ப்பாட்டுக்கும் லோன் உண்டுன்னு இந்தச் சங்கரன்கோவிலுக்கே காட்டிக் குடுத்த புண்ணியவான் நீருதான்.

டை கட்டின பையன் ஒருத்தன் வீடேறி வந்து, "சார், உங்க பையன் ரொம்பப் பின்தங்கியிருக்கான்"னானாம். நீரு உடனே கையெழுத்துப் போட்டீராம். உம்ம புள்ளைய அவன் பாத்தது ஒரு காப்பி ஆறுத நேரம். நீரு பாத்தது எட்டு வருசம். ஆனாலும் அவன் சொல்லத்தான நம்பணும்? நீரு டை கட்டலியே!

2021 டிசம்பர்ல டெல்லியில கல்வி அமைச்சகமே ஒரு எச்சரிக்கை விட்டாக. இணையத்துல படிப்பு விக்கிறவன் வந்தா, பேங்குல பணம் தானாப் பிடிக்கிறதுக்குச் சம்மதிக்காதீக. விதிமுறைய முழுசாப் படிங்க. விளம்பரத்துல வார சாதனைக் கதையெல்லாம் ஆதாரம் இல்லாம நம்பாதீகன்னு அதுல சொல்லியிருந்தாக. அதைப் படிக்க உமக்கு எங்க வே நேரம்? ரீல்ஸ் தள்ளியே உம்ம பெருவிரல் ரேகை அழிஞ்சு கிடக்கு.

சரி, போனது போகட்டும். இனிமேயாவது நான் சொல்லுதபடி நடந்துக்கிடும். ஓசியில கிடைக்கிறது எதையும் தொட்டுராதேயும். கௌரவம் என்னத்துக்கு ஆகும்?

முதல்ல, பயலோட பாடப் புத்தகத்த விரிச்சுராதேயும். 2018-லேர்ந்து வந்த புதுப் புத்தகத்துல பாடத்துக்குப் பாடம் ஒரு கியூஆர் கட்டம் அச்சடிச்சிருக்கும். திக்‌ஷா ஆப்ப வச்சு ஸ்கேன் பண்ணினா அந்தப் பாடத்துக்குள்ள வீடியோ வந்து நிக்கும். கட்டத்தப் பாத்ததும் பர்ஸத் தடவாதேயும். இது டீக்கடைக் கட்டம் இல்ல, காசு கழியாது.

கல்வித் தொலைக்காட்சின்னு ஒண்ணு 2019 ஆகஸ்ட்லேர்ந்து ஓடுது. கொரோனாவுல பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தப்ப எத்தனையோ வீட்டுக்கு அதுதான் வகுப்பறை. விட்டுப்போன பாடத்த யூடியூப்லயும் பாக்கலாம். 2023-ல பள்ளிக் கல்வித்துறை மணற்கேணின்னு ஒரு ஆப் விட்டிருக்கு; பாடமெல்லாம் படம் அசைஞ்சு நடிச்சுக் காட்டும். அதையும் பாத்துராதேயும், தவணை கட்டுத வயித்தெரிச்சல் கூடிரும்.

ராத்திரி கதை கேட்டாம்னா ஸ்டோரிவீவர்ங்கிற இணையதளம் பக்கம் போயிராதேயும். பிரதம் புக்ஸ்காரக 2015-ல ஆரம்பிச்சது. படம் போட்ட கதை தமிழ்லயே கிடக்கு, எழுத்துக்கூட்டுத புள்ளைக்குத் தனி, வேகமா வாசிக்கிற புள்ளைக்குத் தனின்னு படி பிரிச்சு வச்சிருக்காக. அரவிந்த் குப்தான்னு ஒரு மனுசன், ஐஐடியில படிச்ச இஞ்சினியர், குப்பையில கிடக்கிற சாமான வச்சு விளையாட்டுச் சாமான் செய்யச் சொல்லித் தருதாரு. சைக்கிள் வால்வ் டியூப்ப நறுக்கித் தீக்குச்சியச் சொருகினா முக்கோணம், சதுரம், கனசதுரம் எல்லாம் கையில நிக்கும். செய்முறை அத்தனையும் அவரு இணையதளத்துல சும்மா கிடக்கு. 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாக. உம்ம வீட்டுக்கு வந்தவனுக்கு என்ன குடுத்தாக? கமிஷன்.

இம்புட்டு கிடந்தும் பயலுக்குப் படிப்பு ஏறலேங்கீரு. எப்படி வே ஏறும்? போன அவன் கையில திணிச்சுட்டு நீரு தெருமுக்குல நிக்கீரு. உள்ள வீடியோ வாத்தியாரு கத்திக்கிட்டுக் கிடக்காரு, பய கார்ட்டூனுக்குத் தாவி அரை மணி ஆச்சு. "எம்புள்ள ஆன்லைன்ல படிக்கான்"னு நீரு இங்க பெருமையடிக்கீரு.

புருசனும் பொண்டாட்டியும் தினம் சண்டை வேற. இங்கிலீஷ் மீடியம் ஒசத்தியா, தமிழ் மீடியம் ஒசத்தியா, அந்த ஆப்பா இந்த ஆப்பா? நம்ம கோயில்லயும் சங்கன், பதுமன்னு ரெண்டு நாகம் இப்படித்தான் சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரான்னு சண்டைக்கு நின்னுது. அதைத் தீத்து வச்சது யாரு? கோமதியம்மா தவம் கிடந்து, சிவனையும் பெருமாளையும் ஒரே உருவமாக் காட்ட வச்சா. வருசா வருசம் ஆடித்தபசுக்கு முண்டியடிச்சுப் போவீரே, சண்டை போட்டது பாம்பு, தவம் கிடந்தது தாயின்னு இன்னுமா விளங்கல? உம்ம வீட்டுல பாம்பு ரெண்டு இருக்கு. தவத்துக்குத்தான் ஆளக் காணும்.

தவம்னதும் கோமதியம்மா மாதிரி ஒத்தக் கால்ல எல்லாம் நிக்க வேண்டாம் வே, உமக்கு மூட்டு தாங்காது. சாயங்காலம் இருவது நிமிசம் பக்கத்துல உக்காரும், போதும். ஒரு பாடத்த ஓட விடும். பாதியில நிப்பாட்டி, "எனக்கு விளங்கல, நீ சொல்லிக் குடு"ன்னு பயகிட்டக் கேளும். உமக்கு இது நடிக்க வேண்டிய வேஷமும் இல்ல. அவன் திக்குத இடம்தான் அவனுக்குப் பிடிபடாத இடம். அங்க திருப்பிப் போட்டுக் காட்டும். பொறவு போன மூடி வச்சுட்டு நம்ம பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போம். மல்லிகை இன்னைக்குக் கிலோ என்ன விலைன்னு கேட்டுட்டு, "கால் கிலோ என்ன வரும்?"னு அவனக் கேளும். தப்பாச் சொன்னா மண்டையில கொட்டாதேயும். நீரு என்ன சொல்லுவீருன்னு நான் கேட்டேனா?

இன்னொண்ணு. அவன் பின்தங்கியிருக்கானா இல்லியான்னு டை கட்டினவன்கிட்டக் கேக்காம டீச்சர்கிட்டக் கேளும். அரசுப் பள்ளிக்கூடத்துல 2022-லேர்ந்து எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் நடக்கு. சின்ன வகுப்புப் புள்ளைகள அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சுச் சொல்லிக் குடுக்காக. "எம்பய எதுல இருக்கான், அடுத்ததுக்கு ஏற வீட்டுல என்ன செய்யணும்?"னு கேட்டா டீச்சரு சந்தோசமாச் சொல்லுவாக. பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணும் இருக்கு. 2009 சட்டப்படி அதுல முக்காவாசிப் பேரு பெத்தவகதான், பாதிப் பேரு பொம்பளையா இருக்கணும். நீரு போகாட்டியும் உம்ம வீட்டுக்காரியையாவது போகச் சொல்லும். அவ கேப்பா நாலு கேள்வி.

இம்புட்டு நேரம் சொன்னேன்லா, இதுக்குத் தவணையும் கிடையாது, பேங்குலேர்ந்து தானாப் பிடிக்கிறதும் கிடையாது. ஒரு டீ சொல்லும், சீனி கம்மியா. துட்டு மட்டும் அந்த டீக்கடைக் கட்டத்துலயே போடும். அதுதான் உமக்கு நல்லா வருதே!