மாமா வீட்டுச் சுவரில் மூன்றாவது படம்

சாந்தா குரோச்சே, இத்தாலி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

புங்கனூர் ஏரியில் தண்ணீர் நிற்கிறதா, பலா பிஞ்சு விட்டதா என்று எழுதவும்.

ஊர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சை இழுத்தேன், ஆம்பூர்! திரும்பிய பக்கமெல்லாம் டேனரி. நம்மவர்கள் ஆவாரம்பட்டையில் ஊறப்போட்ட தோலை இவர்கள் கஷ்கொட்டை மரச்சாற்றில் ஊறப்போடுகிறார்கள். விமானத்துக்குக் கொடுத்த காசுக்கு வேறு வாசனையாவது கிடைத்திருக்கலாம்.

ஞாயிறு மதியம் கீழ்வீட்டுப் பாட்டி பழைய ஹாலிவுட் படம் போடுவார். எனக்குச் சாப்பாடும் போடுவார். இங்கே எந்த நாட்டுப் படமும் இத்தாலியனில்தான் பேசும். லாரல்-ஹார்டியில் குண்டருக்குக் குரல் கொடுத்தவர் அல்பெர்டோ சோர்டி. வெள்ளைக்காரன் தட்டுத்தடுமாறி இத்தாலியன் பேசுவது மாதிரிப் பேசியே சிரிக்க வைத்தார். நான் எந்தப் பயிற்சியும் இல்லாமல் காய்கறிக் கடையில் அதே சிரிப்பை வாங்குகிறேன்.

பாட்டிக்குப் பிடித்தது 'ரோமன் ஹாலிடே' (1953). நம்மூரில் 1994-இல் 'மே மாதம்' என்று வந்ததே, அதன் மூலம். ரோமில் பொய்யன் கையைக் கடிக்கும் கல்முகம் ஒன்று உண்டு. கிரிகோரி பெக் அதன் வாயில் கையை விட்டு, வெறும் சட்டைக்கையை வெளியே இழுப்பார். முன்கூட்டிச் சொல்லாததால் ஆட்ரி ஹெப்பர்ன் போட்டது நிஜ அலறல். போன மாதம் காய்ச்சலென்று லீவு போட்டுவிட்டு நானும் போய் அந்த வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது காய்ச்சல் ஞாபகம் வந்தது. கையைப் பாக்கெட்டில் வைத்தபடியே போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா' (1937). ரொனால்ட் கோல்மனே ராஜா, கோல்மனே ராஜா ஜாடையில் வந்த வெளியூர்க்காரர். தன் கையைத் தானே குலுக்குகிறார். "வாத்தியாரே!" என்று கத்திவிட்டேன். தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டதென்று பாட்டி என் முதுகில் தட்டினார். 'நாடோடி மன்னன்' (1958) முளைத்த விதைகளில் ஒன்று இது. ஆனால் கோல்மன் சிம்மாசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குதிரையேறிப் போய்விடுகிறார். வாத்தியாரோ உட்கார்ந்த சூட்டோடு ஏழைகளுக்குச் சட்டம் போட்டார். மாமாவுக்கு ஒரு விசில்.

அத்தை சிரிக்க வேண்டாம். இன்று 'ரேண்டம் ஹார்வெஸ்ட்' (1942). போரில் நினைவிழந்தவன் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறான். பழைய நினைவு திரும்பியதும் அவளை மறந்துபோகிறான். சிவாஜி, சாவித்திரி, பத்மினி நடித்த உங்கள் 'அமரதீபம்' (1956) கண்முன் வருகிறதா? இங்கே கதாநாயகன் யார்? அதே கோல்மன்!

உங்கள் கூடத்தில் வலப்பக்கம் எம்.ஜி.ஆர்., இடப்பக்கம் சிவாஜி. அந்தப் படங்களுக்கு நடுவே எத்தனை வருஷச் சண்டை! அத்தனையும் ஒரே வீட்டுப் பங்காளிச் சண்டைதான் போலிருக்கிறது. இத்துடன் கோல்மன் படம் ஒன்று வைத்திருக்கிறேன். பிரேம் போட்டு நடுவில் மாட்டுங்கள். மெல்லிய மீசைக்காரர் யாரென்று வருகிறவர்கள் கேட்டால், இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தி என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அத்தை, மாவடு அனுப்பினால் டப்பாவை இறுக்கி மூடவும். இந்த ஊரில் வேறு வாசனை வந்தால் உடனே தெரிந்துவிடும்.