ஒழுகுனா கூப்பிடுங்க

ராஜபாளையத்தில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே கடைகள், மேலே வீடுகள். ஐப்பசி பிறந்ததும் மேல்வீட்டுக்காரர்கள் வாளியைத் தேடுவார்கள். குடை தெருவுக்குத்தான் உதவும். மழை பெய்வது கூடத்தில்.

சிமென்ட்டுக்குப் பஞ்சமான ஊரா இது? ராம்கோ குழுமத்தின் சொந்த ஊர். சற்றுத் தள்ளி ஆலங்குளத்தில் அரசாங்கமே சிமென்ட் ஆலை வைத்தது.

போன வருடம் சங்கம் கூடி மூன்று கொட்டேஷன் வாங்கியது. முதல் ஆள் மாடிக்கே ஏறவில்லை. கீழே நின்று டீ குடித்தார், வாட்ஸ்அப்பில் விலை அனுப்பினார். இரண்டாமவர் ஏறினார். ஏதோ கெமிக்கல் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் பத்து வருட கேரண்டி என்றார். எழுதிக் கேட்டோம். "எழுத்தெல்லாம் எதுக்கு சார்? ஒழுகுனா கூப்பிடுங்க." பில் கேட்டோம். "பில்லுன்னா 18 பர்சன்ட் கூட."

மூன்றாமவர் கொத்தனாரோடு வந்தார். ஒரு குடம் தண்ணீரை மாடியில் ஊற்றினார். அது வடிகுழாய்ப் பக்கமே போகாமல் நடுவில் குந்திக்கொண்டது. "வாட்டமே இல்லைங்க. பழைய சுருக்கியைக் கொத்தி எடுத்து, வாட்டம் வச்சு, தட்டோடு பதிக்கணும். முடிச்சதும் பாத்தி கட்டி ரெண்டு நாள் தண்ணி நிறுத்துறேன். கீழ ஈரம் காணலேன்னா மிச்சக் காசு குடுங்க."

இவர் விலை மற்றவர்கள் விலையைப்போல் இரண்டு மடங்கு. நாங்கள் யாருக்கு வேலை கொடுத்தோம் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். பெயின்ட்காரருக்கு. இந்த ஐப்பசியில் ஒழுகியது. கூப்பிட்டோம். ரிங் போகிறது. நன்றாகவே போகிறது.

இந்தப் புத்தி எங்களுக்கு எங்கிருந்து வந்தது? ஆள்பவர்களைப் பார்த்துத்தான். 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை; டெண்டர் மொழியில் அவர் எல்-1. தகுதி என்றால் காகிதக் கட்டு. அவர் முன்பு கட்டிய கட்டடத்தில், அடைமழை நாளில், போய் நின்று பார்த்த அதிகாரியை யாராவது கண்டதுண்டா? அரசின் டெண்டர் விளம்பரத்தின் தலையில் முத்திரைக் கோபுரம். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்தான் என்று எங்கள் பக்கத்தில் மார்தட்டுவோம். பதினோரு நிலை. அதன் காலடியில் எல்-1.

2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பு. 1,920 வீடுகள், சுமார் 251 கோடி ரூபாய். விரலால் சுரண்டினால் பூச்சு மாவாகக் கொட்டியது. குடிவந்த ஜனங்கள் நகத்தால் கண்டுபிடித்ததை, பிறகு ஐ.ஐ.டி. வந்து கருவி வைத்துக் கண்டுபிடித்தது. அதே ஆண்டில் அதைக் கட்டிய குடிசை மாற்று வாரியம் தனக்கொரு பூச்சு பூசிக்கொண்டது: நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பெயர் மட்டும் இதுவரை உதிரவில்லை.

அதே 2021, டிசம்பர் 27, சென்னை திருவொற்றியூர். வாரியத்தின் பழைய குடியிருப்பில் 24 வீடுகள் ஒரேயடியாகச் சரிந்தன. விரிசலைக் கண்டு வெளியே ஓடியதால் ஜனங்கள் பிழைத்தார்கள். அந்தக் கூரைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் எவரும் ஓட வேண்டியிருக்கவில்லை. அவர்கள் அங்கே படுப்பதில்லை.

எங்கள் சங்கம் மறுபடியும் கொட்டேஷன் கேட்கிறது. நீங்களும் கேட்கப்போகிறீர்கள் என்றால், பங்குனி வெயிலுக்குக் காத்திருக்காதீர்கள். வெயிலில் எந்த மாடியும் ஒழுகாது. மூன்று மழைக்கு முன் அவர் தளம் போட்ட கட்டடத்தின் முகவரியை வாங்குங்கள். மழை விட்டதும் போங்கள். மாடிக்கு ஏறாதீர்கள். அதற்கு நேர் கீழே உள்ள வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே போய், அண்ணாந்து பாருங்கள். விலையைப் பிறகு பேசலாம்.