ஓம் சார்

எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் ‘ஓம் சார் வீடு’ என்றதும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பத் தயாராவார்கள். சாருக்குச் சாமி பக்தி சுமார்தான். அவருடைய ஓம், ஸ்பீக்கர் முதுகில் அச்சடித்திருக்கும் ஓம்: 4 ஓம், 6 ஓம், 8 ஓம். ஜெர்மனியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கியோர்க் ஓம் 1827இல் புத்தகம் போட்டுச் சொன்ன கணக்கை அந்த ஊர்ப் பெரிய மனிதர்களே முதலில் சட்டை செய்யவில்லையாம். இதைச் சொல்லும்போது சார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பணம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அது ஹாலில் கறுப்புப் பெட்டிகளாக உட்கார்ந்திருக்கிறது.

மனிதர்களில் இப்படி ஒரு பிரிவு உண்டு. எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய செட் வாங்கினால் இவர்களுக்குத் தூக்கம் வராது. ப்ரீஆம்பை ஒருவரிடமும், பவர் ஆம்பை இன்னொருவரிடமும், ஸ்பீக்கரை மூன்றாமவரிடமும் வாங்கி வந்து, மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையே என்று ஆயுள் முழுக்கக் கவலைப்படுவார்கள். கவலைதான் பொழுதுபோக்கு, பாட்டு அதற்கு ஒரு சாக்கு. பாட்டுப் பைத்தியங்களை இவர்களோடு சேர்த்துவிடாதீர்கள். பாட்டுப் பைத்தியத்துக்கு டீக்கடை ஸ்பீக்கரே போதும், கண்ணை மூடிக்கொண்டுவிடும்.

மகள் கல்யாணத்துக்குச் சார் ஜாதகம் பார்க்கவில்லை. “பையன் போட்டோவைக் காட்டினா. சரிம்மான்னுட்டேன். பத்து நிமிஷம்.” அதே வருஷம் வாங்கிய பவர் ஆம்புக்கு ப்ரீஆம்ப் தேடி ரிச்சி தெருவில் நடந்தது மூன்று வருஷம்.

“அதுல இம்பீடன்ஸ் பார்க்கணும் இல்ல சார்?” என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு. “ப்ரீஆம்போட அவுட்புட் இம்பீடன்ஸ் சின்னதா இருக்கணும். பவர் ஆம்போட இன்புட் அதைப்போலக் குறைஞ்சது பத்து மடங்கு இருக்கணும். கொடுக்கிறவன் கை தாராளம், வாங்கிக்கிறவன் சொட்டுதான் வாங்கிக்கணும். சம்பந்தி வீட்டுக்கு நேர் எதிர்.”

முதலில் வந்த ப்ரீஆம்ப் வால்வு போட்டது. அதன் அவுட்புட் சில ஆயிரம் ஓம், பவர் ஆம்பின் இன்புட் பத்தாயிரம் ஓம். பொருத்தம் இடித்தது. ஒயரை மாட்டி மிருதங்கத் தனி ஒன்றைப் போட்டார். வலந்தலை மட்டும் கணீரென்று வாசித்தது, தொப்பியைக் காணோம். பாஸ் முழுக்க வழியிலேயே வடிந்துவிட்டது. வித்வானின் இடது கைக்கு அன்று லீவு.

இரண்டாவது ப்ரீஆம்புக்கு வேறு வியாதி. வருகிற சிக்னலைப் பத்து மடங்கு பெருக்கிக் கொடுத்தது. சி.டி. பிளேயர் தானாகவே 2 வோல்ட் தருகிறது. ஒன்றிரண்டு வோல்ட் வந்தாலே பெரும்பாலான பவர் ஆம்ப் முழு மூச்சில் கத்திவிடும். அதற்கும் மேல் பத்து மடங்கு என்றால்? வால்யூம் குமிழைக் கடிகார முள் கணக்கில்தான் சொல்வார் சார். ஏழு மணியில் தொடங்குகிற குமிழ் எட்டைத் தொடுவதற்குள் கீழ் வீட்டுப் பாட்டி துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார். அந்த ப்ரீஆம்ப் ஒன்பது மணியைப் பார்க்காமலே கைமாறிப் போனது.

பவர் ஆம்ப் 200 வாட். தினசரி கேட்கும் சத்தத்துக்கு ஒரு வாட்கூடச் செலவாகவில்லை என்று சாரே மீட்டர் வைத்து அளந்திருக்கிறார்.

“அப்ப மீதி 199 வாட்?”

“இருக்குன்னு தெரிஞ்சா போதும் சார். ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி.”

என் வீட்டு செட் 1500 வாட் பி.எம்.பி.ஓ. என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பட்டுக் கடையில் கோணி கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு இரக்கப்பட்டு விளக்கினார். பெட்டியில் போடும் அந்த நம்பர் பெட்டிக்கு மட்டும்தான் பொருந்தும். நிஜமான 100 வாட்டை 200 ஆக்கினாலும் ஏறுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். “வாட்டைப் பார்க்காதீங்க, ஸ்பீக்கரைப் பாருங்க” என்று ஒரு அடி உயரப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். பி.பி.சி. காரர்கள் 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைப்பதற்காகச் செய்த எல்.எஸ்.3/5ஏ. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 83 டெசிபல் அளவில் முனகும். அமெரிக்காவில் 1940களில் வந்த கிளிப்ஷ்ஹார்ன் அதே ஒரு வாட்டுக்கு 105 டெசிபல் போடும். அந்தச் சத்தத்தை இந்தக் குட்டிப் பெட்டி எட்ட நூற்றைம்பது மடங்குக்கு மேல் தீனி போட வேண்டும். “கிளிப்ஷ்ஹார்ன் ஒண்ணு கிடைச்சா மூலைல வச்சுடலாம்” என்று பெருமூச்சு விட்டார். “பீரோ வெளிய போகணும். நீங்களும் கூடவே போகலாம்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குரலுக்குரியவர் டீச்சர். மாநகராட்சிப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றிப் பின்னால்.

சார் வீட்டில் பாட்டுக் கேட்பது சுலபமில்லை. ஏ கிளாஸ் ஆம்ப். சும்மா இருக்கும்போதும் முழுக் கரண்டையும் குடித்துச் சூடாகிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஐந்துக்கே போட்டுவிடுவார். மார்கழியில் தோசை மாவு பொங்காவிட்டால் டீச்சர் பாத்திரத்தைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைப்பார். அந்த ஆம்பால் வீட்டுக்கு உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான் என்பது என் கட்சி. நாற்காலிக் கால் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் நான்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். பொட்டிலிருந்து கால் இம்மி நகர்ந்தாலும் “இமேஜிங் போயிடும் சார்” என்பார். உட்கார்ந்ததும் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ சுழலும். 1986இல் வந்த தட்டு. வயலின் எழுந்து, எனக்குப் புல்லரிக்க ஆரம்பித்த நாற்பதாவது விநாடியில் பட்டென்று நிறுத்துவார்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன் சார்.”

“என்ன கேட்டீங்க?”

இது வாய்மொழித் தேர்வு. ‘நல்லா இருக்கு’ என்றால் ஃபெயில். வயலினுக்கும் அடுத்த வயலினுக்கும் நடுவே காற்று இருந்தது என்று சொல்ல வேண்டும். நான் சொல்லிவிடுவேன், பில்டர் காபி வந்துகொண்டிருக்கும் நேரம். அந்த வீட்டில் எந்தப் பாட்டின் பல்லவியும் தன் சரணத்தைப் பார்த்ததில்லை.

மூன்றாவது ப்ரீஆம்பும் வந்தது. இம்பீடன்ஸ் பொருத்தம், கெயின் பொருத்தம், எல்லாம் பார்த்துச் சேர்த்தது. அன்று ராத்திரியே ஹம் அடிக்க ஆரம்பித்தது. ‘ம்ம்ம்’ என்று, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட பெரியப்பா மாதிரி. சார் ஷீல்டு ஒயரை மூன்று முறை மாற்றினார். டிரான்ஸ்ஃபார்மரைத் தனியே கழற்றி வைத்தார். கொல்லையில் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டிப் புது எர்த் போட்டார். ஒன்றரை வருஷம் ஓடியது. ஹம் நகரவில்லை.

“ஏங்க, அது அஞ்சு கட்டைக்கு ஒரு நூல் மேல நிக்குது” என்றார் டீச்சர் ஒரு நாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

சார் போனில் அளந்து பார்த்தார். 50 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் ஸ்தாயியில் 100. நம் கரண்டின் துடிப்பு அதுதான். ஐந்து கட்டை சுருதி 98இல் இருக்கிறது. ஒரு நூல் மேல்தான். மீட்டரும் கையுமாக அவர் நின்ற நிலையை நான் பார்த்தேன். பிரமோஷன் லிஸ்டில் ஜூனியர் பெயரைப் பார்த்தவர்போல் இருந்தது.

கடைசியில் ஹம்மைத் தீர்த்தது கேபிள் டி.வி. பையன். செட்டாப் பாக்ஸை மாற்ற வந்தவன் ஒயரைப் பிடுங்கினான். ஹம் நின்றது. சொருகினான், வந்தது. டீச்சர் பார்க்கும் சீரியலுக்காக, மூன்றாவது ப்ரீஆம்ப் வந்த அன்றே டி.வி. சத்தத்தையும் அதில் இணைத்திருந்தார் சார். கேபிள் ஒயர் ஊரெல்லாம் சுற்றித் தன் எர்த்தைச் சுமந்து வர, வீட்டு எர்த் ஒரு பக்கம் இருக்க, இரண்டும் சேர்ந்து வளையம் கட்டிக்கொண்டு ஸ்பீக்கர் வழியாக உறுமியிருக்கின்றன. பையனுக்கு சார் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். அவன் பயந்துபோய் வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ஹாலில் பூரண அமைதி. சார் பொட்டு மேல் நாற்காலியைப் போட்டு, ஒன்றும் போடாமலே கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே டீச்சர் விளக்கேற்றிவிட்டுப் பாட ஆரம்பித்தவர், இரண்டு வரியில் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

“சுருதி எங்கங்க போச்சு?”

ஒன்றரை வருஷமாக அந்த ஹம்மைத்தான் தம்பூராவாக வைத்துப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். சுருதிப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்று சார் உடனே சொன்னார். எந்தப் பெட்டி எந்த ப்ரீஆம்புக்குப் பொருந்தும் என்று பேச ஆரம்பித்ததும் டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது ஏற்பாடு இது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் சார் தம் கையாலேயே கேபிள் ஒயரைத் திரும்பச் சொருகுவார். ஒரு மணி நேரம் 200 வாட் ஆம்பும் பி.பி.சி. ஸ்பீக்கரும் உறுமிக்கொண்டிருக்கும். டீச்சர் பாடி முடித்ததும் பிடுங்கிவிடுவார்.