பனிப்பிரதேசத்துக் காலை ஆகாரம்

கலாமசூ, மிச்சிகன்

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

காலையில் என்ன ஆகாரம் கொள்கிறேன் என்று அத்தை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஓட்ஸ் என்னும் தானியத்தை அவலாகத் தட்டி, பாதாமும் தேனும் எண்ணெயும் கலந்து, பொன்னிறமாக வாட்டி, கட்டி கட்டியாக உதிர்த்து இவர்கள் 'கிரனோலா' என்று அழைக்கும் வஸ்துவின்மேல் பல் கூசும்படி குளிர்ந்த பாலை ஊற்றி, ஒரு பிடி புளூபெர்ரிப் பழத்தையும் தூவித்தான், வாசலில் முழங்காலளவு பனி கிடக்கும் இந்நாட்களிலும் உண்டு வருகிறேன். உருண்டை பிடிக்கப் பொறுமையில்லாதவர்கள் செய்த பொரிவிளங்காய் என்றால் அத்தைக்கு விளங்கிவிடும். மெல்லும் சப்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழாதாகையால் தம்பதிகளுக்கு மிகவும் உகந்தது.

இதன் பூர்வீகம் பத்தியச் சாப்பாடு. 1863-ல் நியூயார்க் மாகாணத்து டான்ஸ்வில்லில் நீர்ச்சிகிச்சைச் சாலை நடத்திய ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்ற வைத்தியர், தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு நொறுக்கித் தம் நோயாளிகளுக்கு அளித்தார். இரவெல்லாம் ஊறினாலொழிய அதில் பல் இறங்காதாம். பிறகு இவ்வூருக்கு அருகிலுள்ள பேட்டில் கிரீக்கில் டாக்டர் கெல்லாக் அதைப் பின்பற்றினார். தேனும் எண்ணெயும் பிற்காலத்தார் கைங்கரியம்.

குணமில்லாமலில்லை. ஓட்ஸிலுள்ள பீட்டா குளூக்கான் என்னும் வழவழப்பான நார்ச்சத்து குடலில் பித்தத்தைப் பற்றிக்கொண்டு வெளியேறுவதால், புதுப் பித்தம் தயாரிக்கக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. ஆனால் 100 கிராம் கிரனோலாவில் ஏறத்தாழ 450 கலோரி. அதே எடைப் புளூபெர்ரிப் பழத்திலோ 57தான். நம் போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டையூசி வளைவுகளையும் நடந்தே ஏறுகிறவனுக்கு முன்னது தகும். நாற்காலியில் அமர்ந்து ஜீவனம் நடத்துகிற என் போன்றோர் பழத்தைக் கூட்டி மற்றதைக் குறைப்பதே விவேகம். விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி ஏலக்காய் எடுக்க வரும் நம் பெண்கள் தூக்குவாளியில் கொண்டுவரும் கம்பங்கூழில் தேனுமில்லை, எண்ணெயுமில்லை. அதை டப்பாவில் அடைத்து விற்க ஆளில்லாததுதான் அதன் குறை.

பழமோ பாலை ஊதாவாக்கி விடுகிறது. அச்சாயம் நம் நாவற்பழத்திலுள்ள ஆந்தோசயனினேதான். வைட்டமின் சி-யில் மலைநெல்லியின் முன் புளூபெர்ரி நிற்கவும் லாயக்கில்லை. இக்குளிர்காலத்தில் பெருவிலிருந்தும் சிலியிலிருந்தும் கப்பலேறி வந்தும், கடைக்காரர் கூசாமல் 'புதியது' என்றே எழுதி வைத்திருக்கிறார்.

கிரனோலாவில் ஏலப்பொடி தூவினால் சகிக்கும்படி ஆகிறது. இங்கே கிடைப்பதெல்லாம் வெளிறிய காய். யாராவது வந்தால் எட்டு எம்.எம். பச்சைக்காய் கால் கிலோ கொடுத்தனுப்புங்கள். பழத்தின் விலையை அத்தை கேட்டால் மட்டும், கடிதத்தில் மை கலைந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள மருமகன்